பீரோவிலிருந்து வந்த தலைப்பு

சமூகவியல் ஆராய்ச்சியாளர் யாராவது தன் தலைப்பைத் தானே தேர்ந்தெடுத்ததாகச் சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள்; ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கேள்வித்தாள் கட்டும் கையுமாக அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே வெயிலில் அலைந்த என் இனத்தாருக்கு நான் சொல்வது புரியும். எண்பதுகளின் கடைசியில் நானும் அப்படி அலைந்தேன்.

தலைப்பு

அப்பா அம்பத்தூரை அடுத்த பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் பிஎச்.டி. சேர்ந்த வருஷம் அங்கே லாக்-அவுட். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் பட்டன் தைக்கப் போனார். அப்பா சோறு வடிக்கப் பழகினார். யாராவது வந்தால் கரண்டியை ஒளித்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கு வருவதைக்கூட நிறுத்திவிட்டார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதே நிலைமை. கம்பெனியை மூடினால் வீட்டுக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்று, வீடு வீடாக உட்கார்ந்து பேசிக் கேட்டு எழுத வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே இருந்தது.

கைடாக இருந்த பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து பீரோவைத் திறந்தார். தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஏதோ பழைய திட்டத்துக்காக சைக்ளோஸ்டைல் எடுத்த கேள்வித்தாள்கள் கட்டுக்கட்டாக மிச்சம் இருந்தன. அதுதான் என் தலைப்பு என்றார்.

“கேள்வியெல்லாம் ரெடியா இருக்கும்மா. நீ புதுசா எதையும் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை.”

முறை

தலைப்பு போனால் போகட்டும், கேட்கிற முறையாவது என்னுடையதாக இருக்கட்டும், உட்கார்ந்து பேசிக் கேட்கிறேனே என்று கெஞ்சிப் பார்த்தேன். நடக்கவில்லை. என்னோடு ஆராய்ச்சி செய்த சுந்தரம், மூன்று கைடுகளிடம் அடிபட்டுத் தேறியவர். கான்டீனில் ஓரமாகக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். அந்த வருஷம்தான் துறைக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்குத் தீனி போட எண்கள் வேண்டும்.

“பேசினதை எழுதினா, ‘டேபிள் எங்கே’ன்னு கேப்பாங்க. டேபிள் போட்டுட்டா, யாரு என்ன பேசினாங்கன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

ஐந்தாவது வீடு

வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு எடுக்க வேண்டும். நடுவில் இருக்கிற வீட்டில் யார் அழுதாலும் பேனாவை மூடிக்கொண்டு நடக்க வேண்டும். இதற்குப் பெயர் விஞ்ஞானம்.

எங்கள் தெருவில் நாலாவது வீடு தனம் அக்காவுடையது. அவர் புருஷனும் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவர்தான். கம்பெனி கேட்டை மூடியதிலிருந்து வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். “உங்க வீடு லிஸ்ட்ல வரலைக்கா” என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

“அஞ்சாவது ஊட்டுக்காரன் ரயில்வே. அவனுக்கு இன்னா கஷ்டம் கீதுன்னு அங்க ஓடுறே? நான் சொல்றதுக்குக் காத்துகினு கீறேன், நீ கதவு நம்பரை எண்ணிகினு கீறே!”

எங்கள் வீடு

அந்த ரயில்வேக்காரர் வீட்டிலிருந்து இன்னொரு ஐந்து எண்ணினால் எங்கள் வீடு. சொந்த வீட்டை விட்டுவிடலாமா என்று கைடிடம் கேட்டேன். பட்டியலைத் தொட்டால் ஆராய்ச்சியே கெட்டுவிடும் என்றார்.

பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கேள்வியை மாற்றக் கூடாது, விளக்கவும் கூடாது. வாசித்தேன். “வேலை முடிந்து வீடு திரும்பியபின், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது?” அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளில் நாலே கட்டங்கள். கைடு மேல் ஆத்திரமாக வந்தது. வாசித்த என் மேல் அதைவிட அதிகமாக வந்தது.

“எந்தக் கட்டத்துல டிக் போட்டா உனக்குப் பட்டம் குடுப்பாங்களோ, அதுல போட்டுக்கோம்மா.”

வைவா

பாடி வட்டாரத் தொழிலாளர்களின் ஓய்வு நேரம் பழைய திட்டத்தின் கணக்கைவிடக் கணிசமாகக் கூடியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது. ஏன் கூடியது என்று கேள்வித்தாளில் கேள்வி இல்லை; அதனால் பதிலும் இல்லை. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மிகவும் நம்பிக்கையூட்டும் முடிவு என்று கை குலுக்கினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பைண்டு செய்த ஆய்வேட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். எல்லாம் ஆங்கிலம். ஆனாலும் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசித் தாள் வரை போய்விட்டு நிமிர்ந்தார்.

“கம்பெனியை மூட்னதை எந்தப் பக்கத்துல எழுதிக்கீறே?”

ஆக, எனக்கு டாக்டர் பட்டமும் பாடிக்குக் கணிசமான ஓய்வு நேரமும் கிடைத்தன என்பதே என் ஆராய்ச்சியின் முடிவு.