சுரங்கத்தை மூடும் அதிகாரம்

1950 ஜூன் பத்தொன்பது, திங்கட்கிழமை. இர்மா டெல்கூர் பாரிஸுக்கு ரயிலேறிய அன்று அவள் அப்பா செஃபிரேன் அரைநாள் கூலியை விட்டுவிட்டு மோன்ஸ் நிலையத்துக்கு வந்திருந்தார். முப்பத்தோரு வருடம் நிலக்கரி வெட்டியவர். என்ன கழுவினாலும் கண்ணோரக் கரி போகாது. பெல்ஜியத் தூதுக்குழுவுக்குத் தட்டச்சு செய்யப் போகிறாள் மகள் என்று நடைமேடையில் எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தார்.

"ஆறு நாட்டுக்காரனும் சேந்து கரிக்கும் இரும்புக்கும் ஒரே பெரிய ஆபீஸ் வைக்கப் போறானாம். வைக்கட்டும். நம்ம பதினேழாம் நம்பர் குழிய மூடுன்னு சொல்ற அதிகாரம் யாருக்கும்மா? மேனேஜர்னா அவன் வீடு தெரியும். மந்திரின்னா பிரஸ்ஸல்ஸ் போய்க் கத்தலாம். இவனுங்க வீடு எங்க இருக்கு?"

"நான் வெறுமனே டைப் அடிக்கிறவப்பா."

"அடிக்கிறவதான் எல்லாத்தையும் படிக்கிறவ." குரலைத் தணித்துக்கொண்டார். "நெஸ்டருக்கு ரயில்வே பட்டறையில வேலை தரேங்கறான். குழிக்கு அனுப்பினா கம்பெனி வீடு நம்மகிட்டயே இருக்கும். குழி நிக்குமா நிக்காதான்னு மட்டும் சொல்லு, முடிவு பண்ணிடறேன்."

நெஸ்டர் அவள் தம்பி. ராணுவச் சேவை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தான்.

பாரிஸில் பத்து மாதம் பேசினார்கள். புதிய ஆணையம் நாடுகளுக்கு மேலா கீழா, மந்திரிகள் அதைத் தடுக்கலாமா கூடாதா என்று ஒரே வரியை நாலு நாள் இழுத்தார்கள். பெல்ஜியக் குழுவின் செயலாளர் ரெங்கேன், எங்கள் சுரங்கத்தை வெளியார் தொடக்கூடாது என்று கூட்டத்தில் மேசையைத் தட்டுவார். சாப்பிட்டு வந்தால் வேறு ஆள்.

"மூடறதுன்னு வந்தா அத அடுத்தவன் வாயால சொல்லட்டும், மத்மசெல். நம்ம மந்திரிக்கு ஓட்டு வேணும்ல?"

நவம்பரில், நஷ்டத்தில் ஓடும் சுரங்கங்களின் பட்டியலைத் தட்டச்சு செய்ய அவளிடம் கொடுத்தார். மேலே 'ரகசியம்'. ஒன்பதாம் வரியில் பதினேழாம் எண்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் முயல் கறி. அப்பா தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"ஏதாவது கண்ணுல பட்டுச்சாம்மா?"

"இல்லப்பா. ஒண்ணும் தெரியல."

"பெரிய மனுஷங்க பேசறது எங்க அக்காவுக்குப் புரியலையாம்! விரல் மட்டும்தான் போகுதாம்!" என்றான் நெஸ்டர். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சொன்னால் வேலை போகும் என்பது ஒரு காரணம். பாரிஸில் அந்தப் பேச்சுவார்த்தை அறையில் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது என்பது இன்னொன்று.

ஜனவரியில் நெஸ்டர் குழிக்குள் இறங்கினான்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி, லக்சம்பர்க்கில் ஆணையத்தின் அலுவலகம் திறந்தது. இர்மாவுக்கும் அங்கே இடம் கிடைத்தது. 1959 பிப்ரவரியில் பதினேழாம் குழியை மூடினார்கள். மூன்று குழந்தைகளோடு நெஸ்டரைக் கம்பெனி வீட்டிலிருந்து காலி செய்யச் சொன்னார்கள். நுரையீரல் போய்ப் படியேற முடியாமல் இருந்த செஃபிரேன், தொழிலாளர் சங்கத்தின் பெயரில் மந்திரிக்கு எழுதினார். முடிவு லக்சம்பர்க்கினுடையது என்று பதில் வந்தது. லக்சம்பர்க்குக்கு எழுதினார்.

அந்தக் கடிதம் இர்மாவின் மேசைக்கே வந்தது. அவள் வேலை செய்த பிரிவின் அதிகாரி, அதை எழுதியது யார் என்று தெரியாமலே பதிலைச் சொல்லிக்கொண்டு போனார்: மூடுவது உங்கள் அரசின் முடிவு, மறுபயிற்சிக்கு உதவுவது மட்டுமே எங்கள் பணி, ஆதாரமாக உங்கள் தூதுக்குழுவே 1950இல் தயாரித்த பட்டியலின் நகலை இணைத்துள்ளோம்.

அலுவலகக் கடிதம் எதிலும் இடது ஓரத்தில், கடைசியில், தட்டச்சு செய்தவரின் முதலெழுத்துகள் இருக்கும். கடிதத்தில் தன் எழுத்துகளைத் தானே அடித்தாள். பழைய பட்டியலின் அடியில் அவை ஏற்கெனவே இருந்தன, நவம்பர் தேதியோடு. இது என் அப்பாவின் கடிதம், வேறு யாராவது அடிக்கட்டும் என்று அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டையும் உறைக்குள் வைத்து ஒட்டினாள்.

அதற்குப் பிறகு வீட்டிலிருந்து கடிதமே இல்லை. ஒரு வருடம் கழித்து ஒரு அஞ்சலட்டை வந்தது. அப்பாவின் கையெழுத்து.

"இரண்டும் கிடைத்தன. இரண்டிலும் ஒரு பிழை கூட இல்லை."