ஊதச் சொன்ன சம்பந்தி

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, என் தங்கை ராஜியைப் பெண் பார்க்க வந்தவர் என்னைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போய், "தம்பி, கொஞ்சம் ஊதுங்க" என்றார்.

ஊதினேன். வேறென்ன செய்ய? பிள்ளையின் அப்பா ஆயிற்றே!

சிதம்பரத்துக்காரர். மதுவிலக்குப் போலீஸில் ஏட்டாக இருந்து ரிடையர் ஆனவர். வெளியே கார்த்திகை மழைக் குளிர். எனக்கோ முதுகு நனைய வியர்வை. காபி டம்ளர் கையில் தாளம் போடுகிறது. பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில், கடலூரில் குடியிருக்கிறவன் இந்தக் கோலத்தில் நின்றால் ஒரு ஏட்டு என்ன நினைப்பார்?

ஆனால் நான் குடிக்கிறவனில்லை. நிறுத்தியிருந்தேன் – மாத்திரையை.

இங்கே ஒரு ரகசியத்தை உடைக்க வேண்டும். போன வருஷம் இரண்டு மாதம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் நான் எழுதவில்லை. மஞ்சள் காமாலை என்று போட்டிருந்தோம். காமாலையுமில்லை, கத்தரிக்காயுமில்லை. மனசு படுத்துவிட்டது. காரணமே இல்லாத அழுகை, சோற்றைக் கண்டால் வெறுப்பு, பேனா மூடியைத் திறக்கக்கூட அலுப்பு. உள்ளூரில் காட்டினால் ஊர் பேசும் என்று சிதம்பரத்துக்கு ரயிலேறினேன். அங்கே ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரையில் மெல்ல மெல்ல மனுஷனானேன்.

வரனும் அதே சிதம்பரத்திலிருந்து வந்தது! குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்து தங்கியிருந்த மச்சான் – என் மனைவியின் அண்ணன் – மாத்திரை சீசாவைப் பார்த்துப் பதறிப்போனார். பைத்தியத்துக்கு மருந்து சாப்பிடுகிற வீட்டில் எவன் பெண் எடுப்பான் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உடம்பு தேவலைதானே, இனி எதற்கு? சீசாவைக் கொல்லைக் குப்பையில் வீசினேன். நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னது அப்போது ஞாபகம் வந்தால்தானே!

மூன்றாம் நாள் ஆரம்பித்தது. குமட்டல். தலையைத் திருப்பினால் நான் முதலில் திரும்புவேன். வீடு சற்றுப் பொறுத்துத் திரும்பும். பால் ரொம்ப வெள்ளையாக இருக்கிறதென்று பால்காரரோடு சண்டை. ரேடியோவில் ஒருவர் நெற்பயிரில் புகையான் பூச்சி விழுவதைப் பற்றிப் பேசினார்... தேம்பித் தேம்பி அழுதேன். எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது!

மச்சான் வாயு என்றார். மனைவி திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். ராஜி மட்டும், மாத்திரையை நிறுத்தியதால்தானே என்று இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் அவள் மேல் பாய்ந்தேன்.

சரி, கிணற்றடிக்கு வருவோம். ஊதியதில் டிகாக்‌ஷன் வாசனைதான் வந்தது. ஏட்டய்யா விடுவாரா?

"மறைக்காதீங்க தம்பி. நிறுத்தி எத்தினி நாளாச்சு? இருவது வருஷமா இந்த மாதிரி ஆடுற கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

குடிகாரன் என்று பேர் வாங்குவதா, பைத்தியம் என்று பேர் வாங்குவதா? எதை வாங்கினாலும் ராஜியின் கல்யாணம் அதே கிணற்றில். வாயைத் திறந்தேன்... அழுகைதான் வந்தது.

அப்போதுதான் ராஜி வந்தாள். கையில் தட்டு. தட்டில் பஜ்ஜி. பஜ்ஜிக்குப் பக்கத்தில், புளி ஒட்டிக்கொண்டு என் சீசா! அன்றைக்கே குப்பையிலிருந்து பொறுக்கிப் புளிப்பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள்.

"பஜ்ஜி உங்களுக்குங்க" என்றாள் அவரிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இது ஒனக்குண்ணே. எனக்காகத்தான தூக்கிப் போட்ட? நீ இந்தப் பாடு பட்டு எனக்கு ஒரு கல்யாணம் வேணாம்."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சிதம்பரம் ரயில், மாத்திரை, மச்சான், புகையான்... ஒன்று விடவில்லை. ஏட்டய்யா ஒரு பஜ்ஜியை முழுசாக, நிதானமாகத் தின்று முடித்தார்.

"பொண்ணு பாக்கலாம்னு வந்தோம்" என்றார். "இப்பத்தான் பாத்தேன். தையில வச்சுக்கலாம்."

மறுநாள் சிதம்பரம் ஸ்டேஷனில் அவரே காத்திருந்து என்னை டாக்டரிடம் கொண்டுபோய் ஒப்படைத்தார். டாக்டர் திட்டித் தீர்த்தார். பழையபடி மாத்திரையைப் போட வேண்டுமாம். அப்புறம் அவர் சொல்கிற கணக்கில், மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டுமாம். விரலால் தராசு பிடித்துக் காட்டினார். "நிறுத்தலாம்யா. ஆனா நிறுத்து நிறுத்துத்தான் நிறுத்தணும்!"

இப்போது நான் திரும்பும்போதே வீடும் திரும்புகிறது. பால்காரரிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

காமாலை என்று நம்பித் தபாலில் கீழாநெல்லி அனுப்பிய வாசகர்களே, உங்களிடமும் கேட்கிறேன். படுத்தது மனசு. சொல்ல வெட்கப்பட்டேன், இனி இல்லை.

காயவைத்திருந்த கீழாநெல்லி வீணாகவில்லை. வாயுவுக்கு நல்லதென்று சொல்லி, மச்சானுக்குத் தினமும் அரைத்துக் கொடுக்கிறோம்!