கூடை கவிழ்த்த அடுப்பு

எங்கள் வீட்டு அடுப்பில் எரிந்தது சாண கேஸ். வெறும் சாணம் என்றால் ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும். சாணம் கரைத்து ஊற்றும் தொட்டியோடு வீட்டுக் கக்கூஸையும் இணைத்தால் அரசாங்கம் கூடுதல் மானியம் தரும் என்று ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி சொன்னார். அப்பா உடனே தலையாட்டிவிட்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊரில் கக்கூஸ் கட்டியவர்களையே விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை அடுப்போடு இணைத்த ஒரே ஆள் என் அப்பாதான்.

அதிகாரி சொன்ன இன்னொன்றும் அப்பா மனதில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. விறகை எரித்து எரித்துக் காற்று சூடாகிறது, சாணம் குப்பைமேட்டில் சும்மா கிடந்தாலும் கெட்ட வாயு மேலே போகிறது, அதைப் பிடித்து எரித்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று. டீக்கடையில் போய் இதையே பேசுவார். "பூமி சூடாவுதாம்பா. சர்க்காரே சொல்லுது."

"உன் வூட்டு கக்கூஸாலதான் அது குளிரணுமா அண்ணாத்த?" என்று ஒருவர் கேட்டாராம். கடையே சிரித்ததாம். அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் வந்து எங்களிடம் சொன்னார். எனக்குத்தான் உடம்பு கூசியது.

ஆடி மாதம் நாங்கள் ஊற்றிய கூழைச் சொம்பில் வாங்கிக்கொண்டு போய் மாட்டுத் தொட்டியில் கொட்டினார்கள். செங்கல்பட்டில் கல்லூரிக்குப் போனேன். விஷயம் எனக்கு முன்னால் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்துவிட்டது. என் சாப்பாட்டு டப்பாவில் யாரும் கை வைக்க மாட்டார்கள். வாடை கீடை எதுவும் வராது, சத்தியமாக. நீலத் தீ. பாத்திரத்து அடியில் கரி பிடிக்காது. அம்மாவின் வறட்டு இருமல் நின்றதே அந்த அடுப்பு வந்த பிறகுதான். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? நாலு பேர் மூக்கைச் சுளிக்கும்போது நியாயம் பேச வாய் வருவதில்லை.

படிப்பு முடிந்ததும் ஒரு வரன் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். மாப்பிள்ளைக்குக் கடலோரத்தில் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. அதற்கு முன் வந்த இரண்டு வரன்கள் எங்கள் வீட்டுக் காபியைக் குடிக்காமலே எழுந்து போயிருந்தார்கள். ஊர்க்காரர் யாரோ காதைக் கடித்திருக்க வேண்டும். இந்த வரனும் போய்விட்டால் அடுத்தது வராது என்று அம்மா அழுதாள். நான்தான் அப்பாவிடம் போய் நின்றேன்.

"அப்பா, அவங்க பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கி ஒரு நாள் மட்டும் விறகுல செஞ்சிடலாம்பா."

"அதுக்கு இன்னாம்மா. செஞ்சிடலாம்" என்றார் அப்பா. அவரே சவுக்கு விறகு வாங்கிவந்தார். கொல்லையில் தொட்டி இருந்த இடத்தில் வைக்கோலைப் போட்டு மூடினார். கேஸ் அடுப்பின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்தார். வீட்டுக்கு யார் வந்தாலும், கீரைக்காரியாக இருந்தாலும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நீலத் தீயைக் காட்டுகிற மனிதர் அவர்.

விறகு ஈரம். பஜ்ஜி போடுவதற்குள் வீடெல்லாம் புகை. அம்மா மறுபடி இருமினாள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டே காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தேன். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

"சாண கேஸ் இருக்குன்னு தரகர் சொன்னாரே. அதப் பாக்கணும்னு ஆசையா வந்தேன்" என்றார் அப்பாவிடம்.

தரகர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. அடுப்பைக் காட்டினால் தொட்டியைக் கேட்பார்கள், தொட்டியைக் காட்டினால் கக்கூஸிலிருந்து வரும் குழாய் தெரியும். நான் தட்டோடு சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"அது ரிப்பேருங்க" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். நல்ல மனிதர்தான், பின்னாளில் என்னை மகளாகத்தான் நடத்தினார். "கெவருமெண்டுத் திட்டம்னா அப்படித்தானய்யா. மானியத்த வாங்கணும்னு கட்டுவாவ, பெறவு வைக்கோலப் போட்டு மூடிருவாவ. எங்க ஊர்லயும் எத்தனயோ பாத்திருக்கேன்" என்றார்.

ஒரு நாள்கூடத் தவறாமல் சாணம் கரைத்து ஊற்றிய மனிதர் என் அப்பா. மானியத்துக்காகக் கட்டினாயா என்று ஊரில் ஒருத்தன் கேட்டபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனவர். அன்று தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க, அப்டித்தான்" என்றார். நான் எல்லோருக்கும் காபி கொடுத்தேன். எல்லோரும் குடித்தார்கள். நிச்சயமாகிவிட்டது.

ஒரு நாள் என்று சொன்னது ஒரு நாளோடு நிற்கவில்லை. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். நானும் என் வீட்டுக்காரரும் ஊருக்குப் போகும்போதெல்லாம் அடுப்பில் கூடை கவிழும், கொல்லையில் வைக்கோல் ஏறும், விறகு புகையும். பொங்கலுக்கு, தீபாவளிக்கு, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போனபோதும். என் வீட்டுக்காரருக்கு என் அப்பாவைக் கிண்டல் செய்ய அந்த ஒரு விஷயம் போதும். இரண்டாயிரத்துக்குப் பிறகு பேப்பரில் அடிக்கடி காற்றாலை, சூரிய மின்சாரம், புவி வெப்பமாதல் என்று வரத் தொடங்கியது. எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டில் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "திட்டம் போட்டா போதுமா? ஒங்கப்பா மாதிரி ஆளுங்க மானியத்த முழுங்கிட்டு மூடி வச்சிருந்தா?" என்பார். விளையாட்டுக்குத்தான். நானும் சிரித்துவைப்பேன். அப்பாவிடமே ஒருமுறை கேட்டார்: "என்ன மாமா, இந்த வருஷமும் மானியம் வந்திச்சா?" அப்பாவும் சிரித்தார், டீக்கடையில் சிரித்த அதே சிரிப்பு. நான் என் வீட்டுக்காரர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, உங்கள் அம்மா காபி குடித்தது கக்கூஸ் கேஸ் எரிகிற வீட்டில் என்று எப்படிச் சொல்வது?

ஒரு பொங்கலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்த பிறகுதான் செல்போனை மறந்தது தெரிந்தது. அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா சமையலறையில் இருந்தார். கை முழங்கை வரை சாணம் கரைத்த ஈரம் காயவில்லை. அப்போதுதான் கூடையை எடுத்திருக்கிறார், கையில் தீப்பெட்டி. என் செருப்புச் சத்தம் கேட்டதும் திருடனைப் போலத் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பி, கேஸ் குழாயை மூடினார். குனிந்து கூடையைத் தேடி எடுத்துக்கொண்டார்.

"மாப்ளயும் வந்துட்டாரா?"

"இல்லப்பா. நான் மட்டும்தான். செல்போன மறந்துட்டேன்."

என் தோளுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. இருந்தும் கூடையைக் கீழே வைக்கவில்லை. அவர் வீடு, அவர் அடுப்பு. என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அப்ப பத்த வெக்கட்டாம்மா?"