ஓடாத காலுக்கு

நான் ஓடுவது ஒரே ஒரு காரியத்துக்காக, காலை ரயிலைப் பிடிக்க. அதுவும் செருப்புக் காலோடு, ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, இன்னொரு கையில் புடவைக் கொசுவம். மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகிற அந்த வண்டியில் பதினெட்டு வருஷமாக ஏறி இறங்குகிறேன். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, ஓட்டக்காரர்களின் ஷூவுக்குத் தமிழில் விளம்பர வரி எழுதுவது. ஓடினால் மூச்சு வாங்கும் என்பதைத் தவிர ஓட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆபீஸில் யாரும் கேட்டதில்லை, நானாகப் போய்ச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

போன வருஷம் புது ஷூ ஒன்று இறக்குவதற்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். விளம்பரத்தில் யாரிடம் பேசுவது என்பதுதான் கேள்வி. மெடல் வாங்குகிற ஓட்டக்காரரிடமா, இல்லை, பார்க்கை இரண்டு சுற்று மெதுவாக ஓடிவிட்டு இட்லி சாப்பிடப் போகிறவரிடமா? இதற்கு மூன்று மணி நேரம், இரண்டு தடவை காபி. கடை கடையாகச் சுற்றுகிற விற்பனைக்காரர் ஒருவர் எங்களிடம் இருக்கிறார், தலை நரைத்தவர். "கடைக்கு வர்றவங்க பாதிப் பேரை டாக்டர்தான் அனுப்பறாரு மேடம். முட்டி வலி, சுகர், தொப்பை. மெடல் வாங்கினவரை நான் ஒரு கடையிலயும் பார்த்ததில்லை. அவருக்கு ஷூ வீடு தேடி வந்துடும்" என்றார்.

நியாயமான பேச்சு. ஆனால் யாராவது நியாயமாகப் பேசிவிட்டால் எனக்குப் பொறுக்காது. தொப்பைக்காரர் படத்தைப் போட்டால் எந்தத் தொப்பைக்காரரும் ஷூ வாங்கமாட்டார், தொப்பையைப் பார்க்க அவருக்கு வீட்டிலேயே கண்ணாடி இருக்கிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் மேலதிகாரி ஞாயிறு தவறாமல் மைல்கணக்கில் ஓடுகிற சின்ன வயதுப் பெண். அவர் மேஜையைத் தட்டிக் குஷியானார். அந்தச் சூட்டிலேயே வரியையும் எடுத்துவிட்டேன்: 'ஓடாத காலுக்கு இது இல்லை.' கன்னடத்திலும் அதையே போடலாம் என்று முடிவாயிற்று. விற்பனைக்காரர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு நோட்டை மூடி வைத்தார்.

ஓடாத கால் ஒரு ஜோடி என் வீட்டிலேயே இருந்தது. கைதட்டல் வாங்குகிற நேரத்தில் அதெல்லாம் ஞாபகத்துக்கு வருமா?

என் வீட்டுக்காரர் தங்கச் சுரங்கம் மூடுகிறவரைக்கும் அண்டர்கிரவுண்டில் டிம்பர் வேலை பார்த்தவர். பாறை சரியாமல் மரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்துகிற வேலை. அப்புறம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் இருந்தார். இப்போது வீட்டில் சமையல் அவர் கையில்தான், நான் ரயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற டப்பாவும் அவர் கட்டுவதுதான். பதினாலு வருஷமாகச் சுகர். பாதம் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்கொண்டு வந்தன. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: தினமும் நடக்க வேண்டும், ஆனால் மெத்தென்ற ஷூ இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. காலில் புண் வந்தால் உங்களுக்குத் தெரியாது, தெரிகிற நேரத்தில் விரலை எடுக்க வேண்டியதாகிவிடும். இவர் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வந்து, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனால் வாயில் வந்ததென்னவோ திட்டுதான்.

ஆபீஸில் புது ஷூவை ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்தபோது ஆண்கள் எட்டாம் நம்பராகக் கேட்டு வாங்கி வந்தேன். பெட்டியைக் கையில் வாங்கியவர் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாது, உள்ள ஒண்ணும் இல்லியா?"

"ஷூதாங்க. லேசா இருக்கணும்னே பண்றது."

"மைன்ஸ் கம்பெனி பூட்ஸு ஒரு காலே இத்த மாரி நாலு வரும்" என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டி மேல் இருந்த வரியை எழுத்துக்கூட்டுகிற நிதானத்தில் படித்தார். "இத்த நீயா எழுதன?" ஆமாம் என்றதும் ஷூவைத் தரையில் வைத்துவிட்டு, வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே சத்தமாகப் படித்துக் காட்டியது எங்கள் வீடுவரைக்கும் கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் எழுதிய ஒன்றை அவர் நாலு பேருக்குப் படித்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்து ஷூவைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை பீரோ மேல் ஏற்றினார். மறுநாள் காலை வழக்கம்போல் ரப்பர் செருப்பு.

சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த வேலைக்குக் கொடுத்த சாமானோ, அந்த வேலைக்காரர்தான் அதைத் தொடலாம். தண்ணீர் நிற்கிற லெவலுக்கு இறங்குகிறவர்களுக்கு முழங்கால்வரைக்கும் ரப்பர் பூட்ஸ் கொடுப்பார்களாம். காய்ந்த லெவலில் வேலை செய்த ஒருவர் ஆசைப்பட்டு அதைப் போட்டுக்கொண்டு ஒருநாள், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜில் ஏறியிருக்கிறார். ரிடையர் ஆகிறவரைக்கும் அவருக்கு மீன்காரர் என்றே பெயர். இதை என் வீட்டுக்காரர் எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரிப்பார்.

"இத்து ஓட்றவனுக்குக் குட்த்தது. நான் இன்னா ஓட்றனா? நீயே எழுதிகீற" என்றார், ஏன் போடவில்லை என்று நான் கேட்டதற்கு.

"அது விளம்பரங்க. சும்மா எழுதறது."

"அப்போ பொய்யா எழுதன?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஷூ பீரோவை விட்டு இறங்கியிருக்கும், அவரும் அடுத்த நாளே அதைப் போட்டுக்கொண்டு நடந்திருப்பார். ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீடுவரை போன மனுஷனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பொய்யெல்லாம் இல்ல, நிஜம்தான்" என்றேன். அகம்பாவம்தான், வேறென்ன.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் வாசலில் அந்த ஷூ கிடந்தது. சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்துகிடக்கிற சயனைடு மேட்டின் வெளுத்த புழுதி அதன்மேல் படிந்திருந்தது. ஒருவழியாக நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். கேட்டால் முறுக்கிக்கொள்வார் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. சாமர்த்தியமாக நடந்துகொள்வதாக நினைப்பு.

அடுத்த வாரம் ரயிலில் எனக்கு எதிர் சீட்டில் உட்காருகிற பெண் கேட்டாள். "இன்னாக்கா, அண்ணன் ரேஸுக்குப் போறாரா? தினம் மைசூர் மைன்ஸ் கிரவுண்டுல ஓட்றாரே."

பெட்டி மொத்தமும் சிரித்தது, நானும் சிரித்தேன். என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க விரும்புகிறவர்கள் அடுத்த வரியைப் படிக்காமல் விட்டுவிடலாம். எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பெருமை. அறுபதை எட்டப்போகிற ஒருத்தரை ஒரே வரியில் ஓட வைத்துவிட்டேனே, விற்பனைக்காரர் இப்போது என்ன சொல்வார் என்று ஒயிட்ஃபீல்டு வரைக்கும் நினைத்துக்கொண்டே போனேன். மரத்த கால் என்பது நினைப்புக்கு வந்தபோது வண்டி கன்டோன்மென்டைத் தொட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போவதற்கு முன்னால் கிரவுண்டுக்குப் போய்ப் பார்த்தேன். முழங்கை இரண்டும் அகல விரிந்திருக்க, தலையைக் குனிந்துகொண்டு ஓடினார், மேலே பாறை இல்லை, வானம்தான் இருக்கிறது என்பதை இன்னும் நம்பாதவர்போல. கூடையும் கையுமாக நடந்துபோன ஒரு அம்மா அவரைத் தாண்டிக்கொண்டு போனார். என்னைப் பார்த்ததும் வேகம் கூடியது. அந்தச் சுற்றை முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். சட்டை முழுக்க வியர்வை, முகம் முழுக்க சிரிப்பு.

"இப்போ இது என்னுது" என்றார். "எவனும் கேக்க முடியாது."

வாங்க வீட்டுக்கு என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து இடது ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் ஈரமாக இருந்தது. வியர்வை என்றார். நான் இழுத்தேன், குதிகாலோடு ஒட்டிக்கொண்டிருந்த சாக்ஸ் பிய்ந்து வந்தது, உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். ஷூவைக் கவிழ்த்ததும் புளியங்கொட்டை அளவில் கூரான கல் ஒன்று தரையில் விழுந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இத்து எப்போ உள்ள பூந்துச்சி?" என்று நிஜமான ஆர்வத்தோடு கேட்டார்.

நான் போய்ப் பஞ்சை எடுத்து வந்தேன். பயமும் வெட்கமும் சேர்ந்து வந்தன. எது கூட என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. "நான் எழுதினது பொய்ங்க" என்றேன், பஞ்சால் துடைத்துக்கொண்டே. "யார் வேணா போடலாம். நடக்கறவங்க போடலாம், சும்மா நிக்கறவங்ககூட போடலாம்."

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை.

மறுநாள் லீவு கேட்டு மேலதிகாரிக்கு போன் செய்தேன். வீட்டுக்காரர் நம் ஷூவைப் போட்டு ஓடினார், காலில் அடி என்றேன். "அவர் ஓடறாரா? இந்த வயசுலயா? சூப்பர்! அவரையே வெச்சு ஒரு வீடியோ எடுக்கலாமா?" என்றார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அந்தப் பாஷையைக் கற்றுக்கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். நல்லவேளை, ஆழமாகப் போகவில்லை, சீக்கிரம் வந்தீர்கள் என்றார். மற்றக் காலையும் பார்த்துவிடலாம் என்று மேஜையிலிருந்து மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். "கண்ணை மூடிக்கோங்க. நான் தொடும்போது தெரியுதுன்னு சொல்லுங்க."

வீட்டுக்காரர் கண்ணை மூடினார். டாக்டர் பெருவிரலைத் தொட்டார். பதில் இல்லை. பாதத்தின் நடுவில், பிறகு சுண்டுவிரலுக்குக் கீழே இழை வளைகிற அளவுக்கு அழுத்தினார். பதில் இல்லை. டாக்டர் இழையை எடுத்துவிட்டுச் சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

"தெரியுது" என்றார் இவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்படியே இருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் மருந்து எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டுப் போடாத அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நன்றாகவே அழுத்திப் பிடித்தேன்.

இவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "இங்கதான் கீறியா? வெளிய போய்ட்டியா?"

கையை மெதுவாக மேலே ஏற்றினேன், கணுக்கால், ஆடுசதை. முழங்காலை நெருங்கும்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.