குஞ்சம்மாள் வீட்டு உப்பு

பஸ்ஸிலிருந்து இறங்குகிறவரின் முகத்தைக் குஞ்சம்மாள் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கிறார். ரப்பர் செருப்பு என்றால் குனிந்து களையெடுப்பைத் தொடர்கிறார். ஷூ என்றால் களைவெட்டியை வரப்பில் போட்டுவிட்டு ரோட்டோரம் வந்து நிற்கிறார். "யாரு? யாரு அனுப்பிச்சா?" அவருடைய வணக்கம் அதுதான்.

ஆலத்தியூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளக் காடு அவருக்கு. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். உர மூட்டை வாங்கினால், தையலைப் பிரித்து மறுபடி தைத்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்ப்பார். கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர் எண்ணை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். டாக்டர் மாத்திரை எழுதினால், "இதையே உங்க வூட்டு ஆளுங்களுக்கும் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். கல்யாணமான புதிதில் தன்னையும் இப்படித்தான் விசாரித்தாள் என்கிறார் கணவர் வீரமுத்து, சிரிக்காமல்.

காரணம் அண்ணன் மாயவன். தொண்ணூறுகளின் கடைசியில் இரண்டு பேர் வந்து, எந்த உரம் போடலாம் என்று சோதித்துச் சொல்கிறோம் என்றபடி அவர் காட்டில் குழாய் இறக்கி மண் எடுத்துப் போனார்கள். அடுத்த மாதம் அவர்களே தரகர்களாக வந்தார்கள். மண் கெட்டுவிட்டது, இனி எதுவும் விளையாது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்றார்கள். மாயவன் கையெழுத்துப் போட்டுவிட்டார். கீழே இருந்தது சுண்ணாம்புக்கல். இப்போது அங்கே, சிமென்ட் கம்பெனிக்குக் கல் வெட்டியெடுத்து, பனைமரம் மூழ்கும் ஆழத்துக்குப் பள்ளம். அதன் கேட்டில் காக்கிச் சட்டையோடு வாட்ச்மேனாக நிற்பவர் மாயவன்தான். தங்கை அந்த வழியாகப் போவதே இல்லை.

2004 மே மாதம். வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கப் போகிறது என்பதால், கல்லூரியில் இயற்பியல் நடத்தும் ராசாங்கம் ஊர் ஊராகப் போய் வானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நானும் கூடப் போயிருந்தேன். குஞ்சம்மாள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு சாயங்காலம், வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டினார். ஆதியில் அநேகமாக ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் இருந்தன. மற்றவற்றில் பெரும்பாலானவை நட்சத்திரங்களின் வயிற்றுக்குள் வெந்து உண்டானவை. ரத்தத்திலுள்ள இரும்பும், எலும்பிலும் இந்த ஊர்ச் சுண்ணாம்புக்கல்லிலும் உள்ள கால்சியமும், நட்சத்திரம் வெடித்துச் சிதறியபோது வெளியே வந்தவை என்றார்.

சுண்ணாம்புக்கல் என்று காதில் விழுந்ததும் குஞ்சம்மாள் எழுந்துவிட்டார். "வானத்துலேருந்து வந்ததுங்கிறீங்க. நாளைக்கி, அது உன்னுது இல்ல, எல்லாத்துக்கும் பொதுன்னு எழுதி வாங்குவீங்களா?"

தன்னை யாரும் அனுப்பவில்லை, நிலத்துக்காக வரவில்லை என்றார் ராசாங்கம். குஞ்சம்மாள் நம்பவில்லை. நட்சத்திரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது யார் என்று கேட்டார்.

யாராலும் போக முடியாது, வெளிச்சம்தான் சாட்சி என்று ராசாங்கம் விளக்கினார். ஒவ்வொரு தனிமமும் சூடேறும்போது தனக்கென்று சில நிறங்களைக் காட்டும். நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்துவிடும். நீலமாக எரிந்த ஸ்பிரிட் விளக்கில் காட்ட, கொண்டுவந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"உங்க உப்பு வேணாம்," என்றார் குஞ்சம்மாள்.

வீட்டுக்குப் போய் ஒரு பிடி உப்போடு வந்தார். தானே நுணுக்கி, கம்பி நுனியில் ஒட்டி, தானே தீயில் காட்டினார். சுடர் மஞ்சளானது, உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். கம்பியை எடுத்தார், நீலம். காட்டினார், மறுபடி மஞ்சள். அப்போதும் அவர் முகம் இளகவில்லை. மூக்குத்தியைத் தொட்டு, அப்படியானால் தங்கம் எங்கே வெந்தது என்றார்.

ராசாங்கம் தயங்கினார். "அது இன்னும் முடிவாத் தெரியலிங்கம்மா. பெரிய நட்சத்திரம் வெடிக்கறப்பன்னு நெனைக்கறாங்க. எனக்கு உறுதியாத் தெரியாது."

குஞ்சம்மாள் உட்கார்ந்தார். கூட்டம் கலைந்தபோது என்னிடம் வந்து சொன்னார்: "மண்ணெடுக்க வந்தவனுங்க ஒருத்தனும் தெரியாதுன்னு சொல்லல சார்."

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நின்ற எங்களை அவரே காட்டுக்குக் கூட்டிப் போனார். கிணற்று மேட்டிலிருந்து வெளுத்த கல் ஒன்றைப் பொறுக்கி ராசாங்கத்தின் கையில் வைத்து, இதுவும் அங்கிருந்துதானா என்று கேட்டார். இதிலுள்ள கால்சியம் உண்டானது அங்கே. கல்லாக இறுகியது இங்கே, பழைய கடலுக்கு அடியில் என்றார் அவர். குஞ்சம்மாள் தலையாட்டினார். கல்லைத் திரும்ப வாங்கி எடுத்த இடத்திலேயே வைத்தார். பிறகு ராசாங்கத்தின் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை, தன் காட்டிலேயே விழும்படி, முந்தானையால் தட்டிவிட்டார்.