முதலில் சுட்டது யார்

கேட்டி என்ற அமெரிக்க ஊரில் என் கணவரும் அவருடைய தம்பியும் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார்கள். எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் கிரீன் கார்டு. அமெரிக்காவுக்கு முதலில் வந்தவர் அண்ணன். வேலை தேடிக் கொடுத்துத் தம்பியை வரவழைத்தவரும் அவரே. கார்டு கிடைத்ததோ தம்பிக்கு முதலில். அதோடு விட்டிருக்கலாம். தீபாவளி விருந்தில், கையில் தயிர்சாதத் தட்டோடு, "அண்ணனுக்கு ஃபார்ம் ஃபில் பண்ணவே வராது" என்று நாற்பது பேர் முன்னால் தம்பி சிரித்துவிட்டார். அதன்பிறகு தம்பியின் கார் எதிரே வந்தால் என் கணவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

நானும் என் ஓரகத்தியும் போனில் பேசி ஒரு திட்டம் போட்டோம். வீடியோ கடையில் ஒரு பழைய கௌபாய் படம் கிடைத்தது. பண்ணைக்காக அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி கதை. எங்கள் வீட்டு அண்ணனும் தம்பியும் சிறுவயதில் பள்ளிக்கு மட்டம் போட்டு, கோயம்புத்தூரில் சேர்ந்து பார்த்த படம். அண்ணனாக நடித்தவர் வாயையே திறக்காத பெரிய ஸ்டார். தம்பியாக நடித்தவர் எதற்கும் பல்லைக் காட்டும் இன்னொரு ஸ்டார். கடைசியில் அண்ணன் தம்பியைச் சுட்டுவிட்டு, மடியில் கிடத்தி அழுவார்.

"அந்த சீன்ல ரெண்டு பேரும் உருகிடுவாங்க அக்கா" என்றாள் ஓரகத்தி.

சனிக்கிழமை மதியம், படத்தின் பேரைச் சொல்லி அவள் கொழுந்தனாரை இழுத்துக்கொண்டு வந்தாள். சோபாவின் ஒரு முனையில் அண்ணன், மறு முனையில் தம்பி, நடுவில் என் மகள். அந்தக் காட்சி வந்தது. கண்ணீர் வந்தது எனக்கு மட்டும்தான்.

"திமிரா பேசினா இதான் கதி" என்றார் என் கணவர், டிவியைப் பார்த்து.

"முதல்ல சுட்டது யாருன்னு கேளுங்க அண்ணி" என்றார் கொழுந்தனார், என்னைப் பார்த்து.

"அவன் கை துப்பாக்கிகிட்ட போச்சுடா! ரீவைண்ட் பண்ணிப் பாரு!"

எட்டு மாதத்துக்குப் பிறகு என் கணவர் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை. ஏழு முறை ரீவைண்ட் செய்து பார்த்தார்கள். பிறகு சண்டை நடிகர்கள் மேல் திரும்பியது.

"உங்காளுக்கு ஒரே மூஞ்சிதானேண்ணா. பொண்டாட்டி செத்தாலும் அதே மூஞ்சி, குதிரை செத்தாலும் அதே மூஞ்சி."

"அதுக்குப் பேர்தான்டா நடிப்பு. உன் ஆளு பல்பொடி விளம்பரத்துக்குத்தான் லாயக்கு."

ஒருவர் எண்ணெய்க் குழாய்களை வடிவமைக்கும் இன்ஜினியர். மற்றவர் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர்களைக் கட்டிக் காப்பவர். "அம்மா, தே ஆர் ஸச் பேபீஸ்" என்று சொல்லிவிட்டு மகள் மாடிக்குப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை கொழுந்தனார் தன் ஸ்டாரின் படத்தோடு தானாகவே வந்தார். அதற்கடுத்த வாரத்துக்கு என் கணவர் தன் ஸ்டாரின் படத்தை எடுத்து வைத்திருந்தார். கிரீன் கார்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"மன்னிப்பு கேட்டாரா உங்க தம்பி?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றார், உண்மையாகவே புரியாமல்.

முதல் வாரம் பஜ்ஜி போட்டோம். இரண்டாம் வாரம் அடை. மூன்றாம் வாரம் நானும் ஓரகத்தியும் கார் சாவியை எடுத்துக்கொண்டு மாலுக்குப் போய்விட்டோம். நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, நாங்கள் வெளியே போனதே இருவருக்கும் தெரியவில்லை.

"காபி போட இவ்வளவு நேரமா?" என்றார் என் கணவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.