அறுந்துவிடும் என்று எழுதுவது

இங்கே ஆய்வகத்தில் காலையில் காப்பி இயந்திரத்தின் முன்னால் நிற்பவர்கள், தங்கள் சோதனை இந்த வாரம் ஊற்றிக்கொள்ளும் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்களும் தலையாட்டிவிட்டு ரொட்டியைக் கடிக்கிறார்கள். ஜெர்மனிக்கு வந்து மூன்று வருடமாகியும் அந்தப் பேச்சைக் கேட்டால் நான் கோப்பையோடு நகர்ந்துவிடுகிறேன். எங்கள் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இப்படி ஒருவர் வாய்விட்டால் அன்றைக்குப் படகே கிளம்பாது.

என் துறை திடப்பொருள் இயக்கவியல். இழுபட்டும் வளைந்தும் உழைக்கும் இரும்புக் கயிற்றுக்குள் எந்த இழை அறுகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்பது என் யோசனை. அதற்கு நிதி கேட்டு ஆராய்ச்சி விண்ணப்பம் எழுத வேண்டும். நிதி கிடைக்காவிட்டால் ஆறு மாதத்தில் ஒப்பந்தம் முடியும், விசாவும் முடியும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சமன்பாடுகளையெல்லாம் எழுதிவிட்டேன். ‘எதெல்லாம் தவறிப்போகலாம், தவறினால் என்ன செய்வீர்கள்’ என்றொரு பகுதி மிச்சமிருந்தது. அதில் ஒரே வரிதான் எழுதினேன்: முறையாகச் செய்தால் இத்திட்டம் கட்டாயம் வெற்றி பெறும்.

பேராசிரியர் ரெனாட்டே அதைப் படித்துவிட்டு, உனக்கு எதிலுமே பயமில்லையா என்று கேட்டார். என் உழைப்பைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்து, சனிக்கிழமையும் வருகிறேன் என்றேன். அவர் குழம்பிப்போனார். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை, கயிற்றைப் பற்றிக் கேட்கிறேன் என்றார். கயிறு அறும் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது, அண்ணன் வேலை பார்த்த விசைப்படகில் வலையிழுக்கும் வின்ச்சைப் பார்த்தேன். கிரீஸுக்கு அடியில் அதன் இரும்பு ரோப் ஓரிடத்தில் மட்டும் மெலிந்திருந்தது. புதிதாகப் படித்த திமிர் வேறு. ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் முன்னாலேயே, உள்ளே இழை அறுந்திருக்கிறது, இந்தத் தடவை மொத்தமாக அறுந்துவிடும் என்று அண்ணனிடம் சொன்னேன். மீன் கூடையோடு நின்ற அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டாள்.

“கடலுக்குப் போற புள்ளகிட்ட இன்னா பேச்சு பேசுறே? வாயக் கழுவுடி.”

மூன்றாம் நாள் ரோப் அறுந்தது. அண்ணனின் வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. நான் சரியாகக் கணித்தேன் என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. நான் சொன்னதால்தான் அறுந்தது என்றார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இத்தனை படித்தும் நான் அதைப் பாதி நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கையில் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் இன்னும் கடலுக்குத்தான் போகிறான். அறுந்துவிடும் என்று எழுத வரவில்லை, அன்றைக்கு நான் சொன்னதால்தானே ரோப் அறுந்தது என்றேன்.

“நீ சொல்லியா அறுந்துச்சு? நீ சொல்லியும் நான் ஏறுனேன், அதான் நடந்துச்சு. எது எது அறுந்துடும்னு தோணுதோ அல்லாத்தையும் எழுது பாப்பா.”

எழுதினேன். இந்தத் திட்டம் ஏழு விதமாகத் தோற்கலாம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். விண்ணப்பத்திலேயே இதுதான் நல்ல பக்கம் என்றார் ரெனாட்டே. ஒவ்வொரு வரியையும் அழித்து அழித்து எழுதியதை அவரிடம் சொல்லவில்லை.

அனுப்பிய மறுநாள் அம்மா போனில் கூப்பிட்டு, என்ன எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டாள். என் முன்னால் திரையில் அந்தப் பக்கம்தான் திறந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “அல்லாம் நல்லபடியா வரும்னு எழுதிக் குடுத்துட்டேம்மா” என்றேன்.

“அப்டித்தான் எழுதணும்” என்றாள் அம்மா.